இரண்டு முறையும் சிவப்பு

காப்பிச் செடி பூத்தால் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரு மழை விழ வேண்டும். விழுந்த கொஞ்ச நாளில் மலை முழுக்க வெள்ளையாகிவிடும். வாசனை மல்லிகை மாதிரிதான், ஆனால் தலை வலிக்கிற அளவுக்கு இருக்கும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி மூச்சை இழுப்பார்கள். நானோ அந்த வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இப்போதும்தான்.

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் காப்பிப் பழம் பறித்தார்கள். நானும் பறித்தேன். எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் பறித்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். இருவருக்கும் பதினாறு, பதினேழு வயது இருக்கும். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என் கூடை நிறையாவிட்டால் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவாள், "தூங்குமூஞ்சி" என்று திட்டுவாள். அவ்வளவுதான்.

பிறகு எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி எங்கள் குடும்பத்தைக் குடகுக்குக் கூட்டிப்போனார். அங்கே மழை என்றால் மழை, நின்றாலும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்வோம். அம்மா அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரு சாயங்காலம் பாதிக் கூடையோடு நின்று, பழக்கதோஷத்தில் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு கிழவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள்மேல் எனக்கு இருந்தது என்ன என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் அப்பாவும் நானும் பழைய எஸ்டேட்டுக்கே திரும்பினோம். எனக்கு, காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. ஒரு நாள் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏனுங்க, மேல யாருங்க அது? கீழ ஆளு இருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? தலையில போட்டுக் கொல்லறதுக்கா கூலி தர்றாங்க?"

அவள் குரல் மாறவே இல்லை. இறங்கி வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சுள்ளிக் கட்டு கீழே விழுந்தது.

"நீங்களா? குடகுல யாரும் பொண்ணு குடுக்கலையாக்கும்?" என்றாள். முன்பு 'டா' போட்டவள் இப்போது 'ங்க' போட்டதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"கேக்கவே இல்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் இருண்டுபோனது. "நொம்ப லேட்டுங்க. குப்பனூர்ல அத்தை மகனுக்குப் பேசி வெச்சிருக்காங்க. சோடாக்கடை வெச்சிருக்காரு. சித்திரையில கலியாணம்."

அன்றைக்கு வேலை ஓடவில்லை. அரிவாளை மேலேயே விட்டுவிட்டு இறங்கி, மறுபடி ஏற வேண்டியதாயிற்று.

அப்பாவிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் வேட்டியை மாற்றிக்கொண்டு அவள் அப்பாவிடம் போனார். நானும் பின்னால் போனேன். அவள் அப்பா பொல்லாதவர் இல்லை. எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"தங்கச்சிக்கு வாக்குக் குடுத்துப்போட்டேனுங்க. ஆனாப் புள்ள மொகமும் சரியில்ல. மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டரலாம். ஆத்தா சொல்றதுதான்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்துக் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். மனதில் காரியத்தை நினைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

நல்ல பூப்பருவம் அது. வெள்ளைக்குக் காப்பிப் பூதான் வைப்பார்கள். சிவப்புக்கு அரளி, அதற்கு அவ்வளவு வாசனை கிடையாது. மூக்கு இருக்கிற யாரும் கண்டுபிடித்துவிடலாமே என்று எனக்குள் ஒரு குதூகலம். உன்னை எடுக்கச் சொன்னால் மோந்து பார்த்து எடு என்று குழாயடியில் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஆத்தாளையே ஏமாத்தச் சொல்றீங்களா?" என்றாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயனில் உள்ள மாரியாத்தா கோயிலில் கூடினோம். அவள் அப்பா பொட்டலம் கட்டினார். கட்டி முடித்ததும் ஒரு கை காப்பிப் பூவைக் கசக்கி, இரண்டு பொட்டலத்தின் மேலும் நன்றாகத் தேய்த்தார். இனி எதை மோந்தாலும் ஒரே வாசனைதான். இந்த மலையில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அது தெரியாமலா இருக்கும்?

"நீயே எடு கண்ணு" என்றார்.

எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்கப்பா, குப்பனூருக்குக் கேட்டீங்களா?"

"அது மொறை மாப்பிள்ளை. அதுக்கெதுக்குப் பூவு?"

"இவங்களுக்கு ஆத்தா வேணும், அவங்களுக்கு வேண்டாங்களா? கட்டுங்கப்பா."

"வாயாடாதே."

"கட்டுங்க. வெள்ளை வந்தா இன்னைக்கே குப்பனூருக்குப் பொறப்படறேன்."

பூசாரி, அவள் கேட்பதும் நியாயம்தானே என்று முனகினார். அவள் அப்பாவுக்கு இலையை மடிக்கக் கை வரவில்லை. பூசாரிதான் கட்டினார். இந்த முறை அவர் எதையும் தேய்க்கவில்லை. காற்றில் மலை முழுக்க அதே வாசனை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அதுவும் சிவப்பு.

நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். குப்பனூரிலிருந்து அத்தைக்காரி வந்து, என் மகனுக்கே பூப் போட்டுப் பார்த்தாயா என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனது லயன் பூராவும் கேட்டது. சித்திரையும் கல்யாணம் இல்லாமலே போயிற்று. பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு பிடித்தது. அவள் வேலைக்கு வருவாள், என்னைப் பார்க்காமலே போவாள்.

ஆனியில் ஒரு மழை விட்ட பொழுதில் அவள் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். நனைந்த சாக்கைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஆத்தா ரெண்டையும் வேண்டாம்னுட்டா. அதுக்குன்னு புள்ளைய ஊட்டோடவே வெச்சுக்க முடியுங்களா? அவகிட்டயே கேட்டுப்போட்டேன்."

"என்னங்க சொன்னா?" என்றேன்.

"உங்க பையனத்தான் சொல்றா" என்று என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "'சிவப்பு வந்துருக்கு கண்ணு, யோசி'ன்னேன். 'ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் சமாதானம் பண்ணிக்கறேன்'ங்கறா."

ஆவணியில் கல்யாணம். சந்தோஷமாகத்தான் இருந்தோம், இருக்கிறோம். ஆனால் முதல் பிள்ளை தங்காமல் போனபோது, நான் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது, பெரிய மகளுக்கு அம்மை போட்டபோது, இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான். வாய் திறந்து ஒருவரும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கோயிலுக்குப் போகிறாள். நெடுநேரம் உதடு அசைய நிற்பாள். நான் வெளியே செருப்புக்குக் காவல் இருப்பேன். சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.