மாட்டுச்சாறும் பால்குடமும்

கிருமியை வளர்க்கச் சாப்பாடு வேண்டும். இதைச் சொன்னால் தேர் ரூஜ் கிராமத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். "கிருமியைக் கொல்லத்தானே சம்பளம் குடுக்கிறாங்க, நீ என்னடீன்னா அதுக்குச் சோறு போடறியா?" என்று அம்மாவே கேலி பண்ணுவாள். போர்ட் லூயிஸில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான் பார்த்தது சமையல் வேலைதான். கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியை ஊறவைத்து வேகவைத்து வடித்த சாறு, பெப்டோன் என்று ஒரு மஞ்சள் பொடி, உப்பு, கொஞ்சம் சோடா. கெட்டியாக வேண்டுமென்றால் கடற்பாசியிலிருந்து எடுத்த அகர். பெரும்பாலான கிருமிகளுக்கு இது போதும். ஆவியில் ஜன்னல் கண்ணாடி மங்கி, வெளியே மலையும் மேகமும் ஒன்றாய்க் கரைந்துவிடும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பவள்போலக் கிளறிக்கொண்டே இருப்பேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காவடி விரத நாட்களில் மட்டும் இறைச்சிப் பானையைத் தொடமாட்டேன். என்னோடு வேலை பார்த்தவர் வயதில் மூத்த கத்தோலிக்கர். அவருடைய முன்னோர்களும் எங்களைப்போலக் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த தமிழர்கள்தான். மஞ்சள் காப்புக் கட்டிய கையோடு நான் உள்ளே நுழைந்தால், "தள்ளி நில்லு மாஃபி, மகளே, உன் சாமி என்னைத் திட்டும்" என்று பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஈஸ்டருக்கு முந்திய வாரம் இறைச்சி வாசமே ஆகாது என்பார். அப்போது பானை என் பக்கம் வரும். யாரும் சொல்லித்தராத ஏற்பாடு அது.

அந்த வருஷம் விரதத்துக்கு முன்பே என் தங்கை காய்ச்சலில் விழுந்தாள். மலேரியா என்று கொய்னா கொடுத்தார்கள். இறங்கவில்லை. டைபாய்டாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதற்குப் புது மருந்து அப்போதுதான் வந்திருந்தது, தீவில் இருந்ததோ கொஞ்சம். ரத்தத்தில் கிருமி வளர்ந்து காட்டினால்தான் கொடுப்பேன் என்றுவிட்டார். அம்மா முருகனிடம் போனாள். சின்னவள் எழுந்து உட்காரும்வரை உப்பைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டு, பால்குடம் எடுக்க என் கையில் காப்புக் கட்டினாள். கீரை வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் சோற்றில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். எனக்குப் பார்க்கவே தாங்காது.

பிறகு புயல் வந்தது. பரிசோதனைக்கூடத்தின் கூரை பாதி பறந்துபோய், வடித்து வைத்திருந்த சாறு முழுக்க மழைநீரில் கெட்டது. கத்தோலிக்கர் சொந்தக்காரர்களைப் பார்க்கத் தீவின் தெற்குக் கோடியில் இருக்கும் சுரினாம் கிராமத்துக்குப் போனவர், பாதை வெள்ளத்தில் மூழ்கி அங்கேயே மாட்டிக்கொண்டார். தங்கையின் ரத்தத்தை எடுக்க டாக்டர் தயார். அதை ஊற்றிக் கிருமியை வளர்க்கத்தான் சாறு இல்லை. அவளோ உதடு வெடித்து, கூரையைப் பார்த்து யாரோடோ பேசிக்கொண்டு கிடந்தாள்.

பஜாருக்குப் போனேன். மாட்டிறைச்சிக் கடைக்காரர் என் மணிக்கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"மத்மசேல், காவடிக் காப்பு இல்லையா இது?"

"ஆமா. கொழுப்பில்லாம வெட்டுங்க."

அன்று பானை கொதித்ததும் ஆவி எழுந்து காப்புக் கயிற்றை நனைத்தது. மஞ்சள் வாசமும் மாட்டிறைச்சி வாசமும் ஒன்றாகி, நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. உப்பை அள்ளிப் போடும்போதுதான் விழித்துக்கொண்டேன். கிருமிக்கு உப்பு உண்டு, என் அம்மாவுக்கு இல்லை! முருகன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை முற்றத்தில் நிற்கவைத்து மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள். காப்பை அவிழ்க்கவில்லை, ஆனால் அதன்பின் என்னோடு பேச்சும் இல்லை. இரண்டு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தங்கையின் ரத்தம் விட்ட சாறு தெளிவாகவே இருந்தது. பிறகு ஒரு காலையில் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தேன், விடியற்காலை மூடுபனி போல உள்ளே ஏதோ மிதந்தது. தங்கை உடம்பில் கிருமி இருக்கிறது என்று குதித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அகர் தட்டில் தேய்த்து, வளர்ந்ததை டாக்டரும் நானும் சோதித்துப் பார்த்தோம். டைபாய்டுதான். மருந்து கிடைத்தது. காய்ச்சல் மெல்ல இறங்கி, காவடிக்கு முந்தின நாள் தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாங்காய் அச்சார் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அப்போதும் அம்மா உப்பைத் தொடவில்லை. பாலைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. கோயில் சேரும்வரை குடத்துப் பால் திரியாமல் இருந்தால் வேண்டுதலை முருகன் ஏற்றுக்கொண்டான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பால் ஏன் திரிகிறது என்று எனக்குத் தெரியாதா? அந்த வெயிலில் பித்தளைக் குடத்துக்குள் எதெல்லாம் வளரும் என்று தெரியும். தெரிந்தும், திரியாதே திரியாதே என்று கெஞ்சிக்கொண்டே நடந்தேன். கால் சுட்டது. வேலும் பூவும் மேளமும் கண்முன் நீந்திக்கொண்டிருந்தன.

கோயிலில் குடத்தின் துணியை அவிழ்த்தார்கள். பால் கட்டிகட்டியாகத் திரிந்திருந்தது.

பஜார் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது போலும். "மாட்டைத் தொட்ட கை. பின்னே எப்படி இருக்கும்?" என்றாள் பின்னால் ஒருத்தி. ஐயர் குடத்தை வாங்கத் தயங்கினார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"ஊத்துங்க ஐயா," என்றாள் அம்மா. "என் பொண்ணு எழுந்து உக்காந்துட்டா. பால் திரிஞ்சா திரியட்டும்."

ஐயர் ஊற்றினார். வெள்ளைக் கட்டிகள் வேலின்மேல் மெதுவாக வழிந்து இறங்கின.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தங்கைக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தாள்.

"உப்பைக் கொண்டு வாடி."

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஜாடியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, தட்டைத்தான் என் பக்கம் நீட்டினாள்.

"நீ போடு. உன் கையால போடு."

அள்ளிப் போட்டேன், அதிகமாக விழுந்துவிட்டது. அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"ஐயோ, கரிக்குதுடி," என்றாள். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.