மாமனார் அங்கே இல்லை

சாயல்குடிக்கு வெளியே இருந்த போதை மறுவாழ்வு இல்லத்தில் என் வீட்டுக்காரரைச் சேர்த்திருந்தோம். ஒருநாள் குடும்பத்தாரையும் வரச் சொன்னார்கள். குடியில் அவர் செய்ததையெல்லாம் நான் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமாம். அவர் எதிர்த்துப் பேசாமல் கேட்க வேண்டுமாம். "மாத்திரை உடம்புக்கு அக்கா, இது மனசுக்கு" என்றார் ஆலோசனை சொல்கிற பெண்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எதிர்த்துப் பேசாமல் கேட்கிற ஆளா இவர்? ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வார். இந்தத் தடவையும் "ஊர்ல எவன் குடிக்கல?" என்று ஆரம்பித்தால், மகளைக் கூட்டிக்கொண்டு கமுதிக்கு அம்மா வீட்டோடு போய்விடுவது என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தேன்.

ஆனால் நான் வாயைத் திறந்தால்தானே! கூட வந்த மாமனார் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததும் இல்லை, புருஷனை ஒரு சொல் சொன்னதும் இல்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மாமனாருக்கே பொறுக்கவில்லை. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டார்.

"நான் இங்கன இல்ல தாயி. நீ பேசு."

பிறகென்ன, பிடித்துக்கொண்டேன். மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் வந்து நிற்க, இவர் வரப்பில் உருண்டு கிடந்தது. பள்ளிக்கூட விழாவில் மகள் ஆடும்போது மேடையேறி இவரும் ஆடியது. மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினேன். சுவர்ப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"கோயிலுக்கு நேந்த கிடாயை அவுத்து வித்தானே, அத விட்டுட்டியே தாயி!"

"அய்யா, நீங்க இங்க இல்ல!" என்றார் அந்தப் பெண். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து!

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பதில் சொல்ல உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். "இப்ப நீங்க பேசலாம்" என்றார் அந்தப் பெண் அவரிடம். வந்துவிடும் இப்போது, அந்த "எவன் குடிக்கல?"

"இவ ஒண்ண விட்டுட்டா" என்றார். பிறகு மாமனாரின் முதுகைப் பார்த்து, "அய்யா, அறுப்பு நேரத்துல கையில கட்டோட இருந்தாளே. கண்மாய்க் கரையில வழுக்கி விழுந்துட்டேன்னு உங்ககிட்டச் சொன்னா. விழுகல. நான்தான் கைய முறுக்குனேன்."

மாமனார் முக்காட்டை உருவிக்கொண்டு, "ஏலே!" என்று எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தலை குனிந்தபடியே இருந்தார். ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை முட்டியது, சந்தோஷமாகவும் இருந்தது. மாமனார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன்:

"இன்னொரு தரம் கை நீண்டுச்சு, ஊரக் கூட்டிருவேன். இருந்து முழுசாக் குணமாகி வாங்க. நாங்க நம்ம வீட்லதான் இருப்போம்."