ஸ்வெட்டர் விட்ட பாடம்

மண்டை பிளக்கும் வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடு ஒருவர் சைக்கிளில் போனால், அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குளிர்கிடங்கில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான். உடம்புக்குள் இறங்கிய குளிர் வெளியேற நேரம் பிடிக்கும். கிடங்கில் எல்லோரும் அவரை ‘ஸ்வெட்டர்’ என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

உறைந்த மீன், பட்டாணி, வெண்ணெய் என்று லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி, குளிரறைக்குள் அடுக்குவது அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவர், மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். இப்போது முழங்கால் இரண்டும் மக்கர் செய்தன. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் குளிர்ல இன்னும் ரெண்டு வருஷம் நின்னீங்கன்னா, அப்புறம் நிக்கிறதுக்குக் கால் இருக்காது” என்றார்.

கிடங்கின் வாசலில் லாரிகளை எடை போடும் மேடை ஒன்று உண்டு. அதை ஒட்டி ஒரு தகர அறை. நாள் முழுக்க வெயில் அதன் தலையில்தான் காயும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதை அடுப்பு என்று திட்டுவார். ஸ்வெட்டருக்கோ அது சொர்க்கம். அந்த எடைக்காரர் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அவருக்குப் பிறகு அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று மேலாளரைக் கேட்டதற்கு, “பள்ளி இறுதி பாஸ் பண்ணிட்டு வாங்க. கணக்குல கண்டிப்பா பாஸ் ஆகியிருக்கணும். மத்ததைப் பார்த்துக்கலாம்” என்றார்.

அப்படித்தான் பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் சேர்ந்தார். ஐந்து பாடம் தேறினால் போதும். ஆனால் ஒன்று கவிழ்ந்தாலும் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று எல்லோருமே ஆறு எடுத்தார்கள், அவரும் எடுத்தார். தாங்க முடியாவிட்டால் ஒன்றை விட்டுவிடலாம், ஆனால் முதல் பருவம் முடிவதற்குள் விட்டுவிட வேண்டும் என்பது பள்ளியின் விதி.

பருவம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அவர் தாங்க முடியாத நிலைக்கு வந்திருந்தார். வேலை, வேலை முடிந்து வகுப்பு, வகுப்பு முடிந்து வீட்டுப்பாடம். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கையை வைத்தபடியே தூங்கிப்போனார். இன்னொரு நாள் ஒரு லாரிப் பட்டாணியை மீன் அறைக்குள் கொண்டுபோய் அழகாக அடுக்கிவிட்டார். மறுபடி எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

“பட்டாணிக்கும் மீனுக்கும் சம்பந்தம் பேசி முடிச்சிட்டீங்க போல” என்றான் கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுபவன். அவரோடு நெருங்கிப் பழகுகிறவன் அவன் ஒருவன்தான். “எதுண்ணே உங்களை இப்படி வாட்டுது?”

“கணக்குதான். வேற என்ன.”

“அப்ப அதைத் தூக்கிக் கடாசுங்க. மத்த அஞ்சும் இருக்குல்ல?”

“மேலாளர் கணக்கு வேணும்னாரே.”

“பாஸ்னு ஒரு பேப்பரைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க. அதுக்கு மேலயா நோண்டிப் பார்ப்பாரு?”

நோண்டிப் பார்ப்பார் என்பது இருவருக்குமே தெரியும். இருந்தாலும் கேட்பதற்கு இதமாக இருந்தது.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். மேஜையின் மறுபாதி அவருக்கு. கணக்கில் இறங்குவதற்கு முன்பு மனசு கொஞ்சம் தெளியட்டும் என்று புவியியல் புத்தகத்தை எடுத்தார். தினமும் அப்படித்தான். இத்தனை வருடமாக அவர் தூக்கிய பெட்டிகளின் மேல் ஏதேதோ ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருக்கும். அந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன, அங்கே ஏன் பட்டாணி விளைகிறது, அந்தக் கடலில் மட்டும் ஏன் அவ்வளவு மீன் என்று இந்தப் புத்தகம் சொன்னது. ஒரு பெட்டியின் ஊரை வரைபடத்தில் கண்டுபிடித்துவிட்டால், தொலைந்துபோன சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்ததுபோல் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். அன்றும் கடல் நீரோட்டங்களுக்கு நீலத்தில் அம்புக்குறி போட்டு முடிப்பதற்குள் கண் செருகிவிட்டது.

மெஷினை நிறுத்திவிட்டு மனைவி அவர் கையிலிருந்து பென்சிலை உருவினாள்.

“ஏங்க, போதும். அந்தக் கணக்கை விட்டுத் தொலைங்க. ஆள் பாதியாயிட்டீங்க.”

“அந்த அறை கிடைக்காமப் போயிடுமே.”

“கிடைக்காட்டி போகுது. பாஸ் பண்ண மனுஷன் முழுசா இருக்கணும்ல? முட்டிக்கு நான் எண்ணெய் தேய்ச்சு விடுறேன்.”

அவள் அப்படிச் சொன்ன பிறகு அவருக்கு மனசு லேசாகி இருக்க வேண்டும். ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்பே பள்ளிக்குப் போய்ப் புத்தக அறையின் வாசலில் நின்றார். பாடப்புத்தகம் பள்ளி இரவல் தந்தது. விட்ட பாடத்தின் புத்தகத்தை முதலில் இங்கே ஒப்படைத்தால்தான் அலுவலகத்தில் அந்தப் பாடத்திலிருந்து பெயரை அடிப்பார்கள். புத்தக அறை அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். யார் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் பக்கம் பக்கமாகப் புரட்டி, கிழிசலைக் கண்டுபிடித்து, அழாத குறையாகத் திட்டி அனுப்புவாள். ஸ்வெட்டர் கணக்குப் புத்தகத்தை நீட்டிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

அம்மா அதை விரித்தாள். நடுவில் கறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. புது அட்டை முதன்முதலாக வளைகிற சத்தம். அவள் முகமே மாறிவிட்டது. “முதல் நாலு பக்கம்தான் கொஞ்சம் அழுக்கு. மத்ததெல்லாம் கடையில இருந்து வந்த மாதிரியே இருக்கே. வாசனைகூடப் போகல” என்று முகர்ந்தும் பார்த்தாள். “இப்படிப் புத்தகத்தை வெச்சுக்க எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க? அடுத்து வாங்குறவங்க குடுத்து வெச்சவங்க.”

அவள் மனசாரப் பாராட்டினாள். ஸ்வெட்டருக்கோ கம்பளிக்குள் வியர்த்தது. பருவம் முழுக்க முதுகில் சுமந்து, என்னைக் கொல்கிறது என்று ஊரெல்லாம் புலம்பிய புத்தகம் அது.

“அம்மா, அதைக் கொஞ்சம் குடுங்க. ஒரு சந்தேகம் பார்க்கணும்” என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து புவியியலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முதுகு பிளந்து, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கலாக, டீ சிந்திய வட்டத்தோடு அது பிரியாணிப் பொட்டலம் போல் உப்பிக் கிடந்தது. ஒவ்வொரு மாலையும் எங்கே போயிற்று என்று அவருக்கு விளங்கியது. கணக்கு அவரை வாட்டவில்லை. கணக்கைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பட்ட பாடுதான் வாட்டியது. ஆனாலும் ஆறையும் சுமக்கத் தெம்பில்லை என்பதும் உண்மை. எதையாவது விட்டாக வேண்டும். முழங்காலைத் தடவியபடி வகுப்பு மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் புவியியலை நீட்டினார்.

“இதுலதான் நீங்க வகுப்புலயே முதல்னு சொன்னாங்களே” என்றாள் அம்மா.

“ஆமாம்மா. அதான் விடுறேன்.”

புரியவில்லை என்பதுபோல் பார்த்துவிட்டு அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். இரண்டாவது பக்கத்திலேயே கை நின்றது. “என்ன இது? படிச்சீங்களா, போட்டுத் துவைச்சீங்களா? பக்கம் கழண்டு தொங்குது. கடல்ல யாரு இத்தனை அம்பு விட்டது? இதை நான் அடுத்தவங்களுக்கு எப்படிக் குடுப்பேன்? கொண்டுபோய் அழிச்சு, ஒட்டி, அட்டை போட்டு எடுத்துட்டு வாங்க. பேரை இப்பவே அடிக்கச் சொல்லி ஆபீசுக்குச் சீட்டு தரேன்.”

வீட்டில் மனைவி பையைத் திறந்து பார்த்தாள். “ஒண்ணை விட்டுட்டு வரேன்னுதானே போனீங்க? இப்ப ரெண்டுமே திரும்பி வந்திருக்கு?”

நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. புவியியலை எடுத்துப் போய் அலமாரியின் மேல்தட்டில், ஏறி எடுக்க அவர் முழங்கால் ஒத்துழைக்காத உயரத்தில், வைத்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். “கணக்கை எடுங்க” என்றாள்.

முதல் தடவை கணக்கில் தோற்றார். மற்ற நான்கும் தேறின. அடுத்த தடவை, எடைக்காரர் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், மயிரிழையில் தேறினார். இப்போது அந்தத் தகர அறையில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார், ஸ்வெட்டர் போடாமல். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. எடை போட வரும் ஓட்டுநர்களிடம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்பார். அவர்கள் சொன்னதும், அங்கே இப்போது மழைக்காலமாயிற்றே என்பார்.

புத்தக அறை அம்மா கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் மறக்காமல் கேட்கிறாள்: “ஒட்டியாச்சா?”

“பசை காயுதும்மா” என்கிறார் அவர்.