தேர்தல் தேதி கேட்டுப் போனவர்

துறையூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மனு. ஊராட்சித் தேர்தல் எப்போது என்று கேட்டு வாராவாரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது அவர் வழக்கமாம்.

"என்னக்கா, போன வாரமாச்சும் தேதி குடுத்தாங்களா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

"இன்னும் இல்ல. நீ டிக்கெட்டக் குடு."

பக்கத்தில் இருந்த என்னிடம் மனுவை நீட்டிக் கையெழுத்து கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். எங்கள் ஊரிலும் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. தெருக்குழாயில் இருபது நாளாகத் தண்ணீர் இல்லை. தலைவருக்குப் பதிலாகப் போட்ட பொறுப்பு அதிகாரிக்குப் பல ஊர். அவரைப் பிடிக்கவே முடியவில்லை.

"கையெழுத்துப் போட்டா ரேஷன் கார்டப் புடுங்கிட மாட்டாங்களேக்கா?"

"புடுங்குனா அதுக்கும் ஒரு மனு எழுதுவோம். தலைவர்னு ஒருத்தர் இருந்தா வாசல்ல போய் சண்டை போடலாம்மா. இப்ப யாரு வாசலுக்குப் போறது?"

ஆடுகிற பஸ்ஸில் என் பெயரையும் ஊரையும் கோணலாக எழுதினேன். அக்கா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கலெக்டர் ஆபீஸ் போகும் அடுத்த பஸ்ஸுக்கு வேகமாக நடந்தார்.

அன்று முழுக்க எனக்குப் பயம்தான். ஆனாலும் போட்டது போட்டதுதான். அந்த அக்காவுக்குப் பயமே கிடையாதா, இல்லை பயத்தோடுதான் வாராவாரம் பஸ் ஏறுகிறாரா என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.