ரங்கிடோட்டோவுக்கு ஒரு லீவு நாள்

இருநூற்றறுபது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்லாந்து துறைமுக வாசலில், கடலுக்குள் உட்கார்ந்திருக்கும் ரங்கிடோட்டோ எரிமலையின் உயரம், மீட்டரில்.

பஸ் டிரைவர் யசீகரனுக்கு அந்த மலை வேலையோடு சேர்ந்து வந்தது. நகரத்திலிருந்து மிஷன் பே பக்கம் கடலோரமாகத்தான் அவர் பஸ் ஓடும். வளைவுக்கு வளைவு மலை முன்னால் வந்து நிற்கும். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அதே சாய்வு, அதே முகம். பதினொரு வருடமாகப் பார்க்கிறார். கால் வைத்ததில்லை.

காரணத்துக்குப் பெயர் ஸ்பிளிட் ஷிப்ட். காலையில் ஓட்டு, நடுவில் நாலு மணி நேரம் சம்பளமில்லாமல் சும்மா இரு, பின்னேரம் திரும்பவும் ஓட்டு. அந்த இடைவெளியில் படகேறி மலைக்குப் போனால், பின்னேர பஸ்ஸுக்கு வந்துசேர முடியாது. நிர்வாகம் இதை ஓய்வு என்கிறது. ஓய்வென்றால் மனிதன் விரும்பிய இடத்தில் இருக்க வேண்டும். யசீகரன் டிப்போவில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

மனைவி கஜந்தினிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. சான்ட்ரிங்ஹாமில் அவர்கள் வீட்டு வாசலில் ஒருவர் சப்பாத்துக் கழற்றும்போது மற்றவர் போடுவார். லீவு நாட்களும் ஒன்றாக விழுவதில்லை.

"ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மலையைப் பாக்கிறியள். என்னை ஒருக்கா வடிவாப் பாக்க நேரமில்லை."

"மலை இரவு வேலைக்குப் போறேல்லையே, இஞ்சாரும்."

"அப்ப அதையே கட்டியிருக்கலாம்."

"கேட்டனான். சாதகம் பொருந்தேல்லையாம்."

பகிடி அதோடு முடியும், ஆசை முடியாது. கஜந்தினியோடு அந்த உச்சியில் நிற்க வேண்டும். தான் ஓட்டும் ரோட்டை மேலேயிருந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

போன மாசியில் ஃபிஜிக்கார டிரைவர் முன்சாமி ஷிப்ட் மாற்றிக்கொடுத்தார். கஜந்தினிக்கும் லீவு. ஆனால் முதல்நாள் இரவு இல்லத்தில் கூட வேலை செய்யும் யாருக்கோ சுகமில்லை. ஆளில்லை, வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். விடிய விடிய நின்றுவிட்டு, யூனிஃபோர்மோடு நேரே படகுத்துறைக்கு வந்தார்.

தீவில் இறங்கியதும் மலையைக் காணவில்லை. கறுப்புப் பாறையும் பற்றையும்தான்.

"எங்கேயப்பா உங்கட மலை?"

"அதுக்கு மேலதான் நிக்கிறம்."

கூட வந்தவர்கள் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே, மரநிழலில் உட்கார ஒரு வாங்கு. "சப்பாத்தை ஒருக்காக் கழட்டிறன். அஞ்சு நிமிசம்" என்று கஜந்தினி உட்கார்ந்தார். யசீகரனின் தோளில் சாய்ந்தார். போய்விட்டார் நித்திரைக்கு.

இடையில் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீங்கள் ஏறிட்டு வாங்கோவன்."

"ஏறலாம். நீர் நித்திரை கொள்ளும்."

பாதை வளைந்து மேலே போனது. யசீகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளை எடுத்தால் தலை விழும். எத்தனை வருடம் ஒரே கட்டில். அவர் எழும்பிப் போன இடத்தில்தான் கஜந்தினி வந்து படுப்பார். மனைவி நித்திரை கொள்ளும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள். கடைசிப் படகு ஹோர்ன் அடித்தது. கஜந்தினி திடுக்கிட்டு எழும்பினார்.

"ஐயோ, ஏனப்பா எழுப்பேல்லை? மலை?"

"அது எங்க போகப்போகுது."

"எங்களுக்கு இனி எப்ப ஒண்டா லீவு வரும்?"

யசீகரன் குனிந்து அவர் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தார்.

படகு விலக விலக மலை மறுபடி எழும்பி நின்றது. அதே சாய்வு, அதே முகம். இருவரும் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது சிறுக்கும்வரை பார்த்தார்கள்.

அன்று அவர்கள் ஏறிய உயரம் இரண்டு மீட்டர்.