ஏரியில் மிச்சமிருந்த குடில்

பூட்ஸ் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. தலையைச் சாய்த்துக் கேட்கிறார். இன்னொரு மிதி. "கல்லு மாதிரி இருக்கு, நெட்டி!" என்று உறைந்த ஏரியின் மேலிருந்து கத்துகிறார் ஒரெஸ்ட். கரையில் நிற்கும் அவர் மனைவி நெட்டிக்கு அந்தக் 'கல்லு மாதிரி'யைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. போன வருஷமும் கல்லு மாதிரிதான் இருந்தது. வண்டியின் முன்சக்கரம் இரண்டும் உள்ளே போயின.

மார்ச் பாதி தாண்டியாயிற்று. மற்றவர்கள் எல்லாம் தங்கள் மீன்பிடிக் குடில்களைக் அரசாங்கம் வைத்த கெடுவுக்குள் பனியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரெஸ்ட்டின் பச்சைக் குடில் மட்டும் நிற்கிறது. உள்ளே தகர அடுப்பு, ஹாக்கி வர்ணனை கேட்க ஒரு ரேடியோ, பிரோகிக் கொழுக்கட்டை வறுக்க ஒரு சட்டி, தரையில் தூண்டில் விடும் துளை. கோடையில் ரெஜைனா நகரத்துக்காரர்கள் இங்கே மோட்டார் படகில் கூத்தடிக்கும்போது மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். "அதுவா ஏரி? வெறும் தண்ணி!" என்பார்.

காபி குடிக்கக் கரைக்கு வந்தவரை நெட்டி பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கே இழுத்துடு, மனுஷா. தெக்குக் காத்து அடிக்குது. கூரையெல்லாம் சொட்டுது."

"கடைசி வாரத்துலதான் நெட்டி, மீன் நல்லா கடிக்கும்."

"மீன் இல்லைன்னு இங்க யார் அழுதா? ஃப்ரீசர் மூடமாட்டேங்குது!"

கல்யாணமான நாள்முதல் இதே பேச்சு. சொல்லிச் சொல்லி அவள் நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். அடுத்த வீட்டு டக் இந்தத் தடவை உதவிக்கு வர மறுத்துவிட்டார். "உன் பிடிவாதத்துக்கு என் டிராக்டரைக் காவு குடுக்கணுமாக்கும்?"

மத்தியானம் பனிமேல் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ஒரெஸ்ட் வண்டிச் சாவியை எடுத்தார். குடிலின் அடிக்கட்டைகள் பனியில் இறுகிக் கிடந்தன. ஒருவர் கடப்பாரையால் நெம்ப வேண்டும், ஒருவர் வண்டியால் இழுக்க வேண்டும். தனி ஆளால் ஆகாது. இருவருக்கும் அது தெரியும்.

"நீ வர வேணாம்" என்றார், சுருதி இறங்கி.

"யாரு வர்றா? நீ முழுகிப்போ. நான் எங்க அக்காகூட அரிசோனா போய் வெயில் காயறேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். பதற்றத்தில் சீட் பெல்ட்டை வேறு மாட்டிக்கொண்டார். பனிமேல் ஓட்டுகிறவன் எவனும் பெல்ட் போடமாட்டான். ஜன்னல் கண்ணாடியையும் இறக்கியே வைப்பான். பனி உடைந்தால் வெளியே பாய அது ஒன்றுதான் வழி.

நெட்டி கடப்பாரையை வண்டியின் பின்பக்கம் வீசினாள். ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். அவர் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டி அவர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.