மதுரையோடு முடிந்த இந்தியா

விஜயநகர் கடையில் மகளுக்கு மேப் ஸ்டென்சில் வாங்கியபோது, அந்தப் பச்சை பிளாஸ்டிக் வாசனை என்னை, இப்போது ஸ்கூட்டர் ஷோரூமாகிவிட்ட எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு, ஓட்டின் மேல் மழை தடதடக்க முப்பது பேரும் ஒரே ஸ்டென்சிலை மடிக்கு மடி கடத்தி இந்தியா வரைந்த ஏழாம் வகுப்புக்கு இழுத்துப்போனது. அதன் நுனி உடைந்திருந்ததால் முப்பது இந்தியாவும் மதுரையோடு முடிந்தன. உடைத்தவன் நான், அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சமூக அறிவியல் சார் எல்லோருக்கும் பூஜ்யம் போட்டார். வரைபடத்துக்கான ஐந்து மதிப்பெண் இல்லையென்றால் நான் பெயில்.

முன்வரிசைச் செல்வி எழுந்தாள். "விசாரிக்காம தண்டிக்கக் கூடாதுன்னு சட்டப் பாடத்துல இருக்கு சார்."

"ஆய்த்து, சரி, விசாரிச்சுடுவோம். யாரு ஒடைச்சது?"

"நான்தான் சார்" என்று எழுந்தேன். "ஆனா முப்பது பேருக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தா ஒடையத்தான் செய்யும். எங்க மார்க்கைக் குடுத்துடுங்க."

"இதுவும் பாடத்துல இருக்கோ?"

"பொருளாதாரத்துல இருக்கு சார்."

அந்தப் பாடத்தை நான் திறந்ததேயில்லை. சாரும் தேடிப் பார்க்காமல் முப்பது பூஜ்யத்தையும் அடித்துவிட்டு மதிப்பெண் போட்டார். இருக்கிறதா என்று நான் இன்றுவரை பார்க்கவில்லை.